அவதானம்

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் பேரவை ஒன்று கூடியிருந்தது. நாகர்கோயிலை அடுத்த இடலாக்குடியிற் பிறந்து, தமிழ் இலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்ற செய்குத்தம்பிப் பாவலர் அன்று அவ்வவையில் சதாவதானம் செய்து காட்டினார். அப்பொழுது அவருக்கு அகவை 32. சதம் என்பது நூறு. அவதானம் என்பது கவனம். ஒரே அமர்வில் நூறு செயல்களிற் கவனம் செலுத்துவதே சதாவதானம். எட்டுச் செயல்களைச் செய்வோர் அட்டாவதானி என்றும், பதினாறு செய்வோர் சோடசாவதானி என்றும், நூறு செய்வோர் சதாவதானி என்றும் பெயர் பெறுவர்.

அவதான அரங்கு விந்தையானது. அவதானியைச் சூழப் பலர் அமர்ந்திருப்பர். ஒருவர் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து, அதற்கேற்ப வெண்பாவைப் பாடி முடிக்குமாறு வேண்டுவார். ஒருவர் இலக்கணத்தில் ஐயம் வினவுவார். ஒருவர் பெருங்கணக்கு ஒன்றைக் கூறி விடை கேட்பார். ஒருவர் சதுரங்கப் பலகையை விரித்து எதிரே அமர்வார். இவற்றுக்கிடையே ஒருவர் மணியை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருப்பார். மற்றொருவர் அவதானியின் முதுகில் சிறு கற்களையோ மலர்களையோ ஒவ்வொன்றாக எறிந்துகொண்டிருப்பார். முடிவில், மணி எத்தனை முறை ஒலித்தது, முதுகில் எத்தனை கல் விழுந்தது என்பவற்றை அவதானி பிழையின்றிக் கூறுதல் வேண்டும். செவி மணியோசையை ஏற்கிறது. மெய் கல்லின் தாக்குதலை உணர்கிறது. கண் பலகையைக் காண்கிறது. வாய் செய்யுளைச் சொல்கிறது. இத்தனையும் ஓருடலில் நிகழ்கின்றன.

ஒரு மனம் நூறாகப் பிரிய இயலுமா? இயலாதெனின், அவதானிகள் செய்தது யாது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், பொறிகள் கொணரும் செய்திகளை மூளை எவ்வாறு தெரிந்தெடுக்கிறது, எவ்வாறு ஒன்றாக்குகிறது என்னும் இரண்டனையும் முதலில் அறிதல் வேண்டும்.

பொறி வேறு; புலன் வேறு. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறிகள். அவற்றின் வழியே அறியப்படும் ஊறு, சுவை, ஒளி, நாற்றம், ஓசை என்னும் ஐந்தும் புலன்கள். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறார். ஐந்தறிவுகளை ஐம்பொறிகளோடு சார்த்திய அவர், ஆறாவதை மனத்தோடு சார்த்துகிறார். பொறிகள் ஐந்தும் செவ்வையாக இருந்தாலும், அவை தருவனவற்றைக் கொண்டு பொருளை உணர்வதற்கு அவற்றின் வேறாக ஒன்று வேண்டும் என்பது பண்டையோர் கண்ட உண்மை. அவ்வுணர்வுக்கு நிலைக்களம் மூளை என்பது இன்றைய அறிவியலின் துணிபு.

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ளது. உடலின் எடையில் அது நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பிழைகளும், ஒவ்வொரு செவியிலிருந்தும் ஏறத்தாழ 30,000 நரம்பிழைகளும் மூளையை நோக்கிச் செல்கின்றன. தோலிலிருந்து செல்பவை வேறு. இவ்விழைகள் ஒளியையோ ஓசையையோ சுமந்து செல்வதில்லை. எல்லா இழைகளிலும் ஓடுவன ஒரே தன்மையுள்ள நுண்ணிய மின்துடிப்புகளே. எவ்வழியாக வந்தது என்பதைக் கொண்டே, 'இது நிறம், இது ஓசை' என மூளை பகுத்தறிகிறது.

மூளையின் நடுவே முட்டை வடிவில் இணையாக அமைந்த ஓர் உறுப்பு உண்டு. அதற்குத் தலாமஸ் என்பது பெயர். பல ஊர்ச் சாலைகள் வந்து கூடும் சந்திபோல, நாற்றம் ஒழிந்த ஏனைய புலன்களின் செய்திகள் யாவும் முதலில் அங்கு வந்து, பின்னரே பெருமூளையின் புறணிக்குச் செல்கின்றன. காட்சி பிடரிப்புறத்துக்கும், ஓசை செவிகளை ஒட்டிய பகுதிக்கும், ஊறு உச்சிப்பகுதிக்கும் போகின்றன. நாற்றம் மட்டும் தனிவழியே நேராகப் புறணியை அடைகிறது.

இவ்வாறு இடையறாது வந்து குவியும் செய்திகள் யாவற்றையும் ஒரே அளவில் ஆராய மூளையால் இயலாது. புத்தகம் படிக்கும் ஒரு மாணவனின் நிலையை நோக்குக. உடுத்த உடை அவன் தோலில் பட்டுக்கொண்டேயிருக்கிறது. பலகையின் விளிம்பு தொடையில் அழுத்துகிறது. தெருவில் வண்டி போகிறது. அடுக்களையில் தாளிக்கும் மணம் எழுகிறது. இவையனைத்தும் அவன் பொறிகளை எட்டுகின்றன. ஆனால் படிப்பில் ஆழ்ந்திருக்கும்வரை இவற்றுள் ஒன்றும் அவன் அறிவை எட்டுவதில்லை. 'உடை தோலில் படுகிறதா?' என்று ஒருவர் கேட்டவுடனே அவ்வுணர்வு தோன்றுகிறது. செய்தி முன்னரும் வந்துகொண்டுதான் இருந்தது. கவனம் அதன்மேற் செல்லவில்லை. ஆகவே, பொறியில் படுவது வேறு, உணரப்படுவது வேறு என்பது தெளிவாகிறது. இடையே நின்று ஒன்றை உள்ளே விட்டு, மற்றொன்றை ஒதுக்கி வைப்பதே கவனத்தின் தொழில்.

தேர்த்திருவிழாக் கூட்டத்தில் நாகசுரம் ஒலிக்கும், வணிகர் கூவுவர், ஆயிரம் வாய்கள் ஒருங்கே பேசும். அப்பேரொலிக்கிடையிலும் அருகிலிருக்கும் நண்பரின் பேச்சைத் தனியே பிரித்துக் கேட்க முடிகிறது. இஃது எவ்வாறு இயல்கிறது என்பதைக் காலின் செரி என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் கேட்போரின் வலச்செவியில் ஓர் உரையையும் இடச்செவியில் வேறோர் உரையையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தார். ஒரு செவியில் வரும் உரையை மட்டும் கேட்டு, உடனுக்குடன் திரும்பச் சொல்லுமாறு பணித்தார். அவர்கள் அதனை எளிதிற் செய்தனர். பின்னர், மற்றச் செவியில் ஒலித்தது யாது என வினவியபோது அவர்களால் விடைகூற இயலவில்லை. அவ்வுரை இடையில் ஆங்கிலத்திலிருந்து செருமானிய மொழிக்கு மாறியதையும் அவர்கள் அறிந்திலர். ஆனால் ஆண்குரல் பெண்குரலாக மாறியதை மட்டும் அறிந்தனர். ஒதுக்கப்பட்ட ஓசையின் புறத்தன்மை சிறிது உள்ளே புகுகிறது. அதன் பொருள் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

எனினும், அவ்வாயில் முற்றும் அடைபட்டதன்று. 1959ஆம் ஆண்டில் நெவில் மோரே என்பார், ஒதுக்கப்பட்ட செவியில் கேட்போரின் பெயரையே ஒலிக்கச் செய்தார். ஏறத்தாழ மூவருள் ஒருவர் தம் பெயரைக் கேட்டு விழிப்புற்றனர். உறங்கும் தாய் இடியோசைக்கு எழாமல், தன் குழந்தையின் சிறு சிணுங்கலுக்கு எழுவதும் இத்தகையதே. தனக்கு இன்றியமையாதது எது என்பதை மூளை ஓரளவு எப்பொழுதும் உற்றுக்கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இதிலிருந்து கவனம் இருவகைப்படும் என்பது புலனாகும். ஒன்று, தானே ஈர்க்கப்படுவது. பின்னால் ஒரு கலம் விழுந்து உடைந்தால், வேண்டியோ வேண்டாமலோ தலை திரும்புகிறது. மற்றொன்று, வேண்டிச் செலுத்துவது. நெல்லிற் கல் பொறுக்குவோர் கல்லையே நாடி நோக்குவதும், கடினமான கணக்கில் மனத்தை நிறுத்துவதும் இவ்வகையின. முன்னது உயிரைக் காக்கும்; பின்னது அறிவை வளர்க்கும். வேண்டிச் செலுத்தும் கவனத்தை நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடலும், உச்சிப்பகுதியின் மடலும் இணைந்து நடத்துகின்றன. அவை கவனத்தை ஒன்றன்மேற் செலுத்தும்போது, அதனைக் குறித்துத் துடிக்கும் நரம்பணுக்களின் துடிப்பு மிகுகிறது. ஏனையவற்றைக் குறித்த துடிப்பு தாழ்கிறது.

கவனம் செல்லுமிடத்துக்குக் கண்ணும் உடன் செல்லவேண்டும் என்னும் நியதி இல்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனை ஓர் ஆய்வாற் காட்டினார். இருட்பெட்டி ஒன்றினுள் எழுத்துகள் பலவற்றை அமைத்து, தம் பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, கவனத்தை மட்டும் வேறொரு மூலையிற் செலுத்தினார். பின்னர், கண் அசைவதற்குள் மறையும் மின்பொறியால் அப்பெட்டியை ஒளிரச் செய்தார். கண் நோக்கிய இடத்து எழுத்துகளை விடுத்து, கவனம் சென்ற இடத்து எழுத்துகளையே அவரால் அறிய முடிந்தது. வகுப்பில் கண்கள் கரும்பலகையில் இருக்க, மனம் விளையாட்டுத் திடலில் இருப்பதும் இவ்வியல்பினாலேயே நேர்கிறது.

கவனம் ஒன்றைத் தெளிவாக்குவது போலவே, மற்றொன்றை மறைக்கவும் செய்யும். அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரி என்னும் இருவர் 1999ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வெள்ளைச் சட்டையர் மூவரும் கறுப்புச் சட்டையர் மூவரும் பந்தெறிந்து ஆடும் படக்காட்சியைப் பலருக்குக் காட்டி, ஓரணியார் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகின்றனர் என எண்ணுமாறு பணித்தனர். ஆட்டத்தின் இடையே கொரில்லாக் குரங்கின் வேடம் பூண்ட ஒருவர் நடுவே வந்து, மார்பைத் தட்டிவிட்டுச் சென்றார். எண்ணிக்கொண்டிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அவ்வுருவத்தைக் காணவே இல்லை. கண் திறந்திருந்தது, ஒளியும் கண்ணில் விழுந்தது, ஆயினும் காட்சி தோன்றவில்லை. 'நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை' என்று ஒருவர் கூறினால், அவர் பொய் கூறுகிறார் என்று எண்ணுதல் எப்பொழுதும் முறையாகாது.

கவனத்தைச் செலுத்தும் மூளைப்பகுதி பழுதுற்றால் உலகத்தின் ஒரு பகுதியே மறைந்துவிடும். மூளையின் வலப்பக்கத்து உச்சிமடல், குருதியோட்டம் தடைப்பட்டுக் கெட்டுப்போன சிலருக்கு இடப்பக்கம் என ஒன்று இருப்பதே தோன்றுவதில்லை. அவர்கள் உணவுத் தட்டில் வலப்பாதியை மட்டும் உண்டு, இடப்பாதியை அப்படியே விட்டுவிடுவர். முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்துக்கொள்வர். கண்ணிற் குறைபாடு இல்லாதபோதும் இந்நிலை நேரும்.

இத்தாலி நாட்டு மிலான் நகரத்தில் பிசியாக், லுசாட்டி என்னும் இருவர் இத்தகைய நோயாளர் இருவரை ஆராய்ந்து 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி உள்ளத்தை உருக்குவது. அந்நகரின் பேராலயத்துக்கு எதிரேயுள்ள திறந்த வெளியை அவர்கள் நன்கு அறிந்தவர்கள். ஆலயத்தை நோக்கி எதிர்முனையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, இருமருங்கும் உள்ள கட்டடங்களைக் கூறுமாறு கேட்டபோது, அவர்கள் பெரும்பாலும் வலப்பக்கத்தனவற்றையே கூறினர். பின்னர், ஆலய வாயிலில் நின்று எதிர்முனையை நோக்குவதாக நினைக்கச் சொன்னபோது, முன்பு கூறாது விட்டவை வலப்பக்கமாயின. இப்பொழுது அவற்றைக் கூறினர். முன்பு கூறியவற்றை விட்டுவிட்டனர். கட்டடங்கள் யாவும் அவர்கள் நினைவில் இருந்தன. கவனம் ஒரு பக்கம் செல்லாமையால், நினைவில் இருந்ததும் இல்லாதது போலாயிற்று.

இதுகாறும் கூறியவை தெரிந்தெடுத்தலைப் பற்றியன. இனி, ஒன்றாக்குதலைக் காண்போம்.

பொம்மலாட்டத்தில் பேசுவோர் திரைக்குப் பின்னே இருக்கின்றனர். குரலோ பொம்மையின் வாயிலிருந்து வருவது போலவே தோன்றுகிறது. திரைப்படக் கொட்டகையில் ஒலிபெருக்கி ஓரிடத்தில் இருக்க, நடிகர் வேறோரிடத்தில் தோன்றினும், பேச்சு அவர் வாயிலிருந்தே பிறப்பதாகக் கேட்கிறது. காரணம் என்ன? ஒரு பொருள் எவ்விடத்தில் உள்ளது என்பதை அறிவதிற் செவியைக் காட்டிலும் கண் நுட்பமானது. ஆதலின், இரண்டும் மாறுபடும்போது மூளை இடத்தைப் பற்றிக் கண்ணின் சான்றையே மிகுதியும் ஏற்கிறது. ஆனால் இருளில் கண்ணின் சான்று தளர்ந்துபோக, செவிக்கும் கைக்கும் மதிப்பு உயர்கிறது. பல சாட்சிகளை விசாரித்து, நம்பத்தக்கவரின் சொல்லுக்கு மிகுதியாகவும் ஐயத்துக்குரியவரின் சொல்லுக்குக் குறைவாகவும் மதிப்பளிக்கும் நடுவரைப்போல மூளை இங்கே தொழிற்படுகிறது.

கண் செவியின் சான்றை மாற்றவும் வல்லது. மக்கர்க், மக்டொனால்டு என்னும் இருவர் 1976ஆம் ஆண்டில் இதற்குரிய சான்றை வெளியிட்டனர். ஒருவர் மெல்லோசையுடன் 'க' என ஒலிப்பதைப் படம்பிடித்து, அதனோடு மெல்லோசையுள்ள 'ப' ஒலியை இணைத்துக் காட்டினர். கண்டு கேட்டவருட் பெரும்பாலோர், அவ்விரண்டும் அல்லாத 'ட' போன்றதோர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். கண்ணை மூடிக்கொண்டவுடன் 'ப' என்னும் ஒலி தெளிவாகக் கேட்டது. எழுத்துகளின் பிறப்பை அறிந்தோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். பகரம் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பது. ககரம் அடிநா அண்ணத்தின் அடியைப் பொருந்தப் பிறப்பது. டகரம் அவ்விரண்டிடத்துக்கும் இடையே, நாவின் நுனி அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பது. இதழ் மூடவில்லை எனக் கண் கூறுகிறது. ஓசை பகரத்தைப் போன்றது எனச் செவி கூறுகிறது. இரண்டுக்கும் பெரும்பாலும் இசைவான இடைநிலை ஒன்றை மூளை தேர்ந்துகொள்கிறது. இருவர் வழக்கைத் தீர்க்கும் ஊர்ப் பெரியவர் இடைவழி காண்பது போன்றது இது.

நாவும் தனித்து நின்று உணவின் சுவையை அறிவதில்லை. சளி பிடித்து மூக்கடைத்த நாளில் இரசம் வெறும் புளிநீர் போலத் தோன்றுகிறது. புளிப்பையும் உப்பையும் நாவே உணர்த்துகிறது. ஆனால் பெருங்காயம், சீரகம், கொத்துமல்லி ஆகியவற்றின் மணம் வாயின் பின்வழியே மூக்கை எட்ட இயலாமற்போகிறது. மிளகின் காரமோ வெம்மையையும் நோவையும் உணர்த்தும் நரம்புகளின் வழியே வருவது. ஆகவே, 'இரசத்தின் சுவை' என ஒன்றாகக் கூறப்படுவது நா, மூக்கு, மெய் என்னும் மூன்று பொறிகளின் செய்திகளை மூளை ஒன்றாகப் பிசைந்து தருவதே.

எச்செய்தியை எதனோடு சேர்ப்பது என்பதை மூளை எவ்வாறு அறிகிறது? இடமும் காலமுமே அதற்கு அளவுகோல். நடுமூளையின் மேற்புறத்தில் சிறு மேடுகள் உள்ளன. அவற்றுள், காட்சிக்கும் ஓசைக்கும் ஊற்றுக்கும் ஒருங்கே துடிக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. பாரி ஸ்டைன், அலெக்ஸ் மெரிடித் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பூனைகளின் மூளையில் இவற்றை ஆராய்ந்தனர். ஒளியும் ஓசையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து வந்தால், அந்நரம்பணுவின் துடிப்பு மிக உயர்கிறது. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்தோ காலம் மிகத் தாழ்த்தோ வந்தால் அவ்வுயர்ச்சி இல்லை. மற்றொரு நுட்பமும் உண்டு. தனித்தனியே செய்திகள் எத்துணை மெலிந்தனவாக உள்ளனவோ, அத்துணைக்குச் சேர்க்கையின் பயன் மிகுகிறது. மாலை மயங்கும் நேரத்தில் சருகின் மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்டால் ஒருவர் அதைப் பொருட்படுத்தாது போகலாம். மங்கலாக ஏதோ நெளிவது மட்டும் கண்ணிற் பட்டாலும் பொருட்படுத்தாது போகலாம். இரண்டும் ஒரே இடத்தில் ஒருங்கே நிகழ்ந்தால், பாம்பு என்னும் எண்ணம் பிறப்பதற்கு முன்னரே கால் பின்வாங்குகிறது.

காலம் மிகத் தாழ்த்தால் சேர்க்கை நேராது என்பதற்கு ஆற்றங்கரையே சான்று. அக்கரையில் 170 மீட்டர் தொலைவில் ஒருவர் துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கிறார். ஓசை நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதாகலின், அது வந்து சேர அரைநொடி ஆகிறது. கை மேலே எழுந்த பின்னரே அடித்த ஓசை கேட்கிறது. அருகில் நிகழும்போது ஒன்றாயிருந்த நிகழ்ச்சி, தொலைவில் காட்சியும் ஓசையுமாக இரண்டாகிவிடுகிறது.

இவ்வொன்றாக்கும் ஆற்றல் பிறவியிலேயே முழுதாக அமைந்ததா, பழக்கத்தால் வருவதா? இவ்வினா மிகப் பழையது. 1688ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு மாலினோ என்பவர், ஜான் லாக் என்னும் ஆங்கில மெய்யியலறிஞருக்கு ஒரு வினாவை எழுதி அனுப்பினார். மாலினோவின் மனைவியார் பார்வையிழந்தவர். 'பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், கையால் தொட்டு உருண்டையையும் கனசதுரத்தையும் வேறுபடுத்தி அறிவார். அவருக்குத் திடீரெனப் பார்வை கிடைத்தால், தொடாமல் பார்த்த அளவிலேயே, உருண்டை எது, கனசதுரம் எது எனக் கூறுவாரா?' என்பதே அவ்வினாவின் கருத்து. கூறமாட்டார் என்பது அவ்விருவரின் கருத்தாக இருந்தது. லாக் 1694ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் இவ்வினாவைச் சேர்த்தார். அதன்பின் முந்நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் இதன்பால் வாதிட்டனர்.

தெளிவான விடை இந்திய நாட்டுக் குழந்தைகளிடமிருந்து கிடைத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பவன் சின்கா 2005ஆம் ஆண்டில் 'பிரகாஷ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். கண்புரை முதலிய குறைகளுடன் பிறந்து, மருத்துவம் பெற வழியின்றி இருளில் வாழ்ந்த சிற்றூர்க் குழந்தைகளுக்குத் தில்லி மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. அவர்களுள் 8 முதல் 17 அகவைக்கு உட்பட்ட ஐவரைப் பற்றிய ஆய்வு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பார்த்த பொருளைப் பார்வையால் அடையாளம் காண அவர்களால் இயன்றது. தொட்ட பொருளைத் தொட்டும் அறிந்தனர். ஆனால் தொட்டறிந்த பொருளை, பார்வையால் மட்டும் இனங்காண இயலவில்லை. மாலினோவும் லாக்கும் கருதியது சரியாயிற்று. எனினும், அவர்கள் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. சில நாட்களுக்குள்ளேயே அக்குழந்தைகளுட் சிலர் அவ்வாற்றலைப் பெற்றனர். கண்டதைத் தொட்டும், தொட்டதைக் கண்டும் பழகப் பழக, கையின் அறிவும் கண்ணின் அறிவும் கைகோத்துக்கொண்டன. தவழும் குழந்தை அகப்பட்டதையெல்லாம் எடுத்து, நோக்கி, தட்டி, வாயிலிட்டுச் சுவைப்பது வீண் குறும்பன்று. ஐம்புலன்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் பெருங்கல்வி அது.

ஒன்றாக்கும் ஆற்றல் இத்துணைப் பெரிதாயினும், கவனத்தின் அளவு சிறிது என்பதை மறத்தலாகாது. வண்டி ஓட்டும்போது கைப்பேசியிற் பேசுவோர், 'என் கண் சாலையில்தான் இருக்கிறது' என்பர். 2001ஆம் ஆண்டில் டேவிட் ஸ்டிரேயர், வில்லியம் ஜான்ஸ்டன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வண்டி ஓட்டுதல் போன்றதொரு பயிற்சியைச் சிலருக்குத் தந்து சோதித்தனர். தொலைபேசியில் உரையாடியபோது அவர்கள் காணத் தவறிய சைகை விளக்குகள் இருமடங்காயின. கருவியைக் கையிற் பிடித்திருந்தாலும், கை படாமற் பேசினாலும் தவறு ஒத்தேயிருந்தது. குறை கையில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. செந்நிற விளக்கின் ஒளி கண்ணிற் படுகிறது. ஆனால் படக்காட்சியில் வந்த கொரில்லாவைப்போல உள்ளத்திற் படாமற் போகிறது. படக்காட்சியில் அதனாற் கேடில்லை. சாலையில் ஓர் உயிர் போகும்.

படிப்புக்கும் இவ்விதி பொருந்தும். புத்தகத்தையும் கைப்பேசியையும் எதிரே வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒருங்கே கவனிப்பதாக எண்ணும் மாணவர், உண்மையில் ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கின்றனர். ஒவ்வொரு தாவலிலும் சிறிது காலம் கழிகிறது, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பிழையும் மிகுகிறது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். சதாவதானியின் மனம் நூறாகப் பிரிந்ததா? இல்லை என்று கொள்வதே இன்றைய அறிவியலுக்குப் பொருந்தும். அரங்கில் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. மணி விட்டுவிட்டு ஒலிக்கிறது. கல்லும் இடையிட்டே விழுகிறது. மணியோசையும் கல்லின் தாக்குதலும் தாமே கவனத்தை ஈர்க்கும் தன்மையுடையன. அவதானி அவ்வொரு கணத்தில் முன்னைய எண்ணோடு ஒன்றைக் கூட்டி நினைவில் நிறுத்திக்கொண்டு, விட்ட செய்யுளடிக்குத் தடுமாறாமல் மீள்கிறார். பிறர் தாவும்போது விட்ட இடத்தை இழக்கின்றனர், அவர் இழப்பதில்லை. ஒவ்வொன்றன்மேலும் செல்லும் கவனம் கணப்பொழுதே ஆயினும் முழுமையானது. முழுமையாகக் கவனித்ததனால் அது நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்பதனால் மீண்டு வருதல் எளிதாகிறது. இடையறாப் பயிற்சியும், ஆழ்ந்து கற்ற நூலறிவும் அதற்குத் துணைநிற்கின்றன. ஆகவே, சதாவதானம் என்பது நூறாகச் சிதறிய கவனம் அன்று; நூறு முறை ஒருமுகப்பட்ட கவனமே ஆகும்.

இலங்கைத் தமிழர் இன்றும் 'அவதானம்' என்னும் சொல்லை அன்றாட வழக்கில் ஆள்கின்றனர். 'அவதானமாகப் போ' என்று அங்குள்ள தாய் மகனுக்குச் சொல்லி அனுப்புவாள். புலவர் பேரவையிற் புகழ் தேடித் தந்த அச்சொல், வீட்டு வாயிலில் உயிரைக் காக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. பொறிகள் ஐந்தும் எல்லார்க்கும் பொது. அவற்றின் வழியே வருவனவற்றுள் எதனை உள்ளே ஏற்பது என்பதில், ஒவ்வொருவருக்கும் ஓரளவேனும் உரிமை உண்டு. எதன்மேல் ஒருவர் தம் கவனத்தை வைக்கின்றாரோ, அதுவே அவர் கண்ட உலகமாகவும் கற்ற கல்வியாகவும் நிற்கும்.